என்.இ.எஸ். கன்சோலில் கூடுதல் சிப் ஒலியைக் கேட்க: ஒற்றை ரெசிஸ்டரில் தொடங்கி அளவு பார்த்துப் பூட்டுவது வரை

நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமும், 1985-இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய என்.இ.எஸ்-உம் உள்ளே ஏறக்குறைய ஒரே வீடியோ கேம் கருவிதான். இரண்டிலும் ஒலியைத் தருவது 2ஏ03 சிப். இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு சாம்பிள் என்று ஐந்து ஒலித்தடங்கள். வேறுபாடு கேசட் பொருந்தும் இடத்தில் இருக்கிறது.

ஃபேமிகாமில் 2ஏ03 தரும் ஒலி நேராக டி.வி.க்குப் போவதில்லை. கேசட்டின் 45-ஆம் முனை வழியாக உள்ளே போய், 46-ஆம் முனை வழியாகத் திரும்பி வருகிறது. சாதாரண கேசட்டில் இந்த இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஒலிச் சிப் வைத்த கேசட் என்றால் அந்த இடத்தில் தன் இசையையும் கலந்து அனுப்பும். என்.இ.எஸ்-ஐ வடிவமைத்தபோது இந்தச் சுற்றுவழியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் கேசட்டிலிருந்து பத்து முனைகளைக் கன்சோலின் அடியில் உள்ள 48 முனை விரிவாக்கப் போர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் போர்ட்டில் செருக நிண்டெண்டோ கடைசிவரை ஒரு பொருளும் விற்கவில்லை.

கொனாமியின் அகுமாஜோ டென்செட்சு, 1989, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபேமிகாம் கேசட்டில் வி.ஆர்.சி.6 என்ற சிப் உண்டு. அது இரண்டு சதுர அலையும் ஒரு ரம்பப்பல் அலையும் சேர்த்து, ஐந்து தடங்களை எட்டாக்குகிறது. அமெரிக்காவில் கேசில்வேனியா 3 என்ற பெயரில் வந்த அதே விளையாட்டு வேறு சிப்போடு, ஐந்தே தடங்களில் மெலிந்து ஒலிக்கும். ஜப்பானியக் கேசட்டை, முனைகளை மாற்றித் தரும் அடாப்டர் வைத்து என்.இ.எஸ்-இல் போட்டாலும் அந்த மூன்று தடங்கள் கேட்காது. சிப் உள்ளே வாசித்துக்கொண்டேதான் இருக்கிறது. அதை வெளியே எடுத்துச் செல்லக் கம்பி இல்லை, அதுதான் குறை.

அந்தக் கம்பியைப் போடுவதுதான் இந்த வேலை. விரிவாக்கப் போர்ட்டின் 3-ஆம் முனை கன்சோலின் ஒலிக் கலவைக்கான உள்ளீடு. 9-ஆம் முனை எக்ஸ்பி 6, கேசட்டிலிருந்து வரும் அந்தப் பத்து முனைகளில் ஒன்று. வீட்டில் கன்சோலில் மாற்றம் செய்பவர்களும், ஃபிளாஷ் கேசட் (விளையாட்டுக் கோப்புகளை மெமரி கார்டிலிருந்து ஓட்டும் கேசட்) செய்பவர்களும் ஒலிக்காக ஏற்றுக்கொண்ட வழி இது. இரண்டுக்கும் நடுவே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் ஒலி வந்துவிடும். ஒலி சரியான அளவில், இரைச்சல் இல்லாமல் வருவதற்குத்தான் மீதி வேலை எல்லாம்.

எந்தக் கன்சோலுக்கு இது பொருந்தும்

முன்பக்கம் மூடி திறந்து கேசட்டை உள்ளே தள்ளும் என்.இ.எஸ்-001 மாடலுக்கு மட்டும் இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். 1993-இல் வந்த, மேலே கேசட் செருகும் என்.இ.எஸ்-101 மாடலில் விரிவாக்கப் போர்ட்டே கிடையாது. கேசட் சாக்கெட்டிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். ஃபேமிகாம் வைத்திருப்பவர்கள் எதுவுமே செய்ய வேண்டாம். 90-களில் நம்மூர்க் கடைகளில் டி.வி. கேம் என்று விற்ற, ஃபேமிகாம் போன்ற 60 முனை நகல் கன்சோல்களில் சில 45, 46 முனைகளை முறையாக இணைத்திருக்கும், சில அப்படியே விட்டிருக்கும். திறந்து பார்த்தால்தான் தெரியும்.

தேவையான பொருட்கள்

47 கிலோ ஓம், கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்று (சோதனைக்கு). 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 100 கிலோ ஓம் டிரிம் பாட் (திருகித் திருப்பி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) ஒன்று. பல சுற்று சுற்றும் வகை கிடைத்தால் அளவு பிடிக்க எளிது. 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, ஃபிலிம் அல்லது செராமிக், 25 வோல்ட் அல்லது அதற்கு மேல். எலெக்ட்ரோலிட்டிக் வேண்டாம், இரண்டு பக்கமும் எந்த டி.சி. அளவு நிற்கும் என்பது கேசட்டுக்குக் கேசட் மாறும். சின்ன ஆன்–ஆஃப் ஸ்விட்ச் ஒன்று. 30 கேஜ் ஒற்றை இழைக் கம்பி, ஹீட் ஷ்ரிங்க் குழாய், 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் ஈயம் கலந்த சால்டர், ஃபிளக்ஸ், 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். மல்டிமீட்டரில் ஏ.சி. 2 வோல்ட் அல்லது மில்லிவோல்ட் அளவு இருக்க வேண்டும். ஏ.சி.யில் 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத மலிவு மீட்டர், இணைப்புப் பார்க்க உதவும். ஒலி அளவு பார்க்க உதவாது.

கன்சோலைத் திறப்பது எளிது. அடியில் 6 திருகு, சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போதும். உள்ளே உலோக மறைப்பு, கேசட் தட்டு, பிறகு போர்டு. திருகுகள் ஒரே நீளம் இல்லை, ஆகவே கழற்றும் வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் இருந்து மூன்று கம்பிக் கற்றைகள் வரும்: கன்ட்ரோலர் இரண்டு, பவர் பட்டன் ஒன்று. பவர் பட்டன் கற்றையை மறுபடி மாட்டினால்தான் சோதனைக்கு ஆன் ஆகும்.

அமெரிக்க மின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, 9 வோல்ட் ஏ.சி. தருவது. நம் 230 வோல்ட் பிளக்கில் அதை நேராகச் செருகக் கூடாது. அதே 9 வோல்ட் ஏ.சி. அடாப்டரை ஃபேமிகாமிலும் செருகக் கூடாது. ஃபேமிகாம் 10 வோல்ட் டி.சி.யில், நடு முனை நெகட்டிவாக ஓடுவது. ஏ.சி. கொடுத்தால் கெட்டுவிடும்.

முனையைச் சரியாகக் கண்டுபிடிப்பது

பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். படத்தில் பார்த்த எண்ணை, போர்டைத் திருப்பிய பிறகு எதிர்ப்பக்கத்தில் எண்ணிவிடுவார்கள். சால்டர் புள்ளிகள் தெரியும் பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் வலமாகும். படத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

போர்ட்டில் இரண்டு வரிசை, வரிசைக்கு 24 முனை. ஒரு ஓரத்தில் எதிரெதிராக இருக்கும் 1, 48 இரண்டும் +5 வோல்ட். அடுத்த ஜோடி 2, 47 இரண்டும் கிரவுண்ட். மின்சாரம் இல்லாத நிலையில் மீட்டரைத் தொடர்பு சோதனையில் வைத்து, கறுப்பு முனையை ஆடியோ சாக்கெட்டின் வெளிவளையத்தில் பிடித்து, ஓரத்திலிருந்து இரண்டாவது ஜோடி இரண்டும் பீப் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் ஓரம் சரி. இனி மூன்றாவது ஜோடியில் எது 3, எது 46 என்பதுதான் கேள்வி.

அதற்குச் சால்டர் செய்யாமலே ஒரு சோதனை உண்டு. பழைய இயர்போன் கம்பியை வெட்டி, கிரவுண்ட் இழையை ஆடியோ சாக்கெட்டின் வெளிவளையத்தோடு இணையுங்கள். இடது இழையின் நுனியில் 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரையும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராக முறுக்கிக்கொள்ளுங்கள். போனில் ஏதாவது பாட்டை ஓடவிட்டு, கன்சோலை ஆன் செய்து, ரெசிஸ்டரின் வெறும் நுனியால் மூன்றாவது ஜோடியில் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். கேசட் தேவையில்லை, பவர் விளக்கு விட்டுவிட்டு எரியும், ஒலிப் பெருக்கி எப்போதும்போல் வேலை செய்யும். 3-ஆம் முனையைத் தொட்டதும் டி.வி.யில் பாட்டு கேட்கும். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. இருந்தால் ஹம் வந்து குழப்பும். நுனி வழுக்கிப் பக்கத்து முனையில் படாமல் இருக்க, மீதிக் கம்பியை ஹீட் ஷ்ரிங்க்கால் மூடி ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே விடுங்கள். இந்த ஒரு சோதனையிலேயே முனையும் தெரிந்துவிடும், கன்சோலின் ஒலிப் பாதை நன்றாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

3 கிடைத்தால் 9 அதே வரிசையில், ஓரத்துக்கு எதிர்த் திசையில் ஆறு முனை தள்ளி இருக்கும். அதிலிருந்து, என்.இ.எஸ். கேசட் செருகும் 72 முனைச் சாக்கெட்டின் நடுப் பகுதியில் ஒரே ஒரு முனைக்கு நேர் தொடர்பு இருக்க வேண்டும். எந்த முனை என்று இப்போதே ஒரு பேனாப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டர் மாற்றும்போது இது தேவைப்படும்.

பற்றவைப்பு

வரிசை இது: 9-ஆம் முனை, ஸ்விட்ச், 1 மைக்ரோ ஃபாரட், 100 கிலோ டிரிம் பாட், 10 கிலோ ரெசிஸ்டர், 3-ஆம் முனை. டிரிம் பாட்டில் நடுக்காலையும் ஓரக்கால் ஒன்றையும் பயன்படுத்துங்கள். மீதி ஓரக்காலை நடுக்காலோடு சேர்த்துவிடுங்கள். அப்போது உள்ளே தொடர்பு விட்டாலும் பாதை முழுக்க அறுந்துபோகாது. மொத்த மதிப்பு 10 முதல் 110 கிலோ ஓம் வரை மாறும். 10 கிலோ ரெசிஸ்டர் இருப்பது, டிரிம் பாட்டைக் கடைசிவரை திருப்பினாலும் கேசட் நேராகக் கலவை உள்ளீட்டில் மோதாமல் தடுக்க.

பலர் கெப்பாசிட்டர் போடுவதில்லை, ஒற்றை ரெசிஸ்டரோடு விட்டுவிடுகிறார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனாலும் போடுவதே நல்லது. என்.இ.எஸ்-இன் ஒலிப் பெருக்கி தனி ஆம்ப் சிப் இல்லை. 74எச்சியூ04 என்ற லாஜிக் இன்வெர்ட்டரை (0-ஐ 1 ஆக்கும் டிஜிட்டல் சிப்) பாதி மின்னழுத்தத்தில் நிறுத்திப் பெருக்கியாக ஓட்டுகிறார்கள். கேசட்டிலிருந்து வரும் டி.சி. அந்தச் சமநிலையைத் தள்ளினால் அலையின் ஒரு பக்கம் நசுங்கும். 1 மைக்ரோ ஃபாரட்டும் 47 கிலோ ஓமும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் சுமார் 3.4 ஹெர்ட்ஸ், 10 கிலோவில் 16 ஹெர்ட்ஸ். பாஸ் ஒலியில் எதுவும் குறையாது.

சால்டரிங் அயர்னை 330 முதல் 350 டிகிரி செல்சியஸில் வைத்து, ஃபிளக்ஸ் தடவி, ஒரு முனைக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். பழைய போர்டில் சூடு கூடினால் செம்புப் பட்டை உரிந்து வரும். முனைகள் நெருக்கமாக இருப்பதால் டிரிம் பாட்டைப் போர்ட்டின் மேல் வைக்காமல் சின்ன வெரோபோர்டு (துளைகளும் செம்புப் பட்டைகளும் உள்ள போர்டு) துண்டில் கட்டி, முனைகளுக்குக் கம்பி மட்டும் இழுங்கள். கம்பி 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் மறைப்புக் கம்பி போட்டு, மறைப்பை ஒரு பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். வீடியோ சிப்பின் மேலோ ஆர்.எஃப். பெட்டியின் (டி.வி. இணைப்புகள் உள்ள உலோகப் பெட்டி) மேலோ கம்பி போகக் கூடாது. போனால் திரையில் படம் மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் சீற்றம் கேட்கும்.

மின்சாரம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை. 1-க்கும் 2-க்கும் இடையே பீப் வரக் கூடாது. ஸ்விட்ச் ஆனில் இருக்க, டிரிம் பாட்டும் 10 கிலோவும் சேர்ந்த பகுதியை மட்டும் அளந்து 47 கிலோவில் நிறுத்துங்கள். 3-க்கும் 9-க்கும் இடையே அளந்தால் கெப்பாசிட்டர் குறுக்கே இருப்பதால் மீட்டர் திறந்த பாதை என்றே காட்டும். அதைப் பார்த்துத் தொடர்பு விட்டுவிட்டது என்று மறுபடி உருக்க வேண்டாம்.

கன்சோலைத் திறக்கவே விருப்பம் இல்லாதவர்கள், இதே சுற்றைச் சின்ன போர்டாகச் செய்து அடியில் உள்ள போர்ட்டில் செருகிவிடலாம். அடிமூடியைக் கழற்றி, போர்ட்டை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பை வெட்டி எடுக்க வேண்டும். பழைய கன்சோலின் உள்ளே கை வைக்காமல் முடிகிற வழி என்பதால், சால்டரிங் புதிதாகப் பழகுபவர்களுக்கு இதையே சொல்வோம்.

அடாப்டர் மாற்றம்

ஃபிளாஷ் கேசட் வைத்திருந்தால் இந்தப் பகுதி தேவையில்லை, என்.இ.எஸ்-க்கான நல்ல ஃபிளாஷ் கேசட்டுகள் எக்ஸ்பி 6-இலேயே ஒலி தருகின்றன. அசல் ஜப்பானியக் கேசட்டை 60-லிருந்து 72 முனைக்கு மாற்றும் அடாப்டரில் போடுவோர், அடாப்டரில் 46-ஆம் முனைக்கு ஏதாவது இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

ஃபேமிகாம் கேசட்டில் பின்வரிசை 31 முதல் 60 வரை. 31 என்பது +5 வோல்ட் இருக்கும் ஓரம். அங்கிருந்து எண்ணினால் 15-வது, 16-வது தொடுமுனைகள் 45, 46. எண்ணியது சரிதானா என்று பார்க்க, கூடுதல் சிப் இல்லாத சாதாரண ஃபேமிகாம் கேசட் ஒன்றை எடுத்து அந்த இரண்டையும் மீட்டரால் தொடுங்கள். உள்ளே இணைக்கப்பட்டிருப்பதால் பீப் அடிக்கும். பிறகு அடாப்டரில் 46-இலிருந்து, முன்பு பேனாப் புள்ளி வைத்த 72 முனைப் பக்கத்து முனைக்கு ஒரு கம்பி. 45-ஐ அப்படியே விடுங்கள். தொடுமுனையின் தேயும் பகுதியில் சால்டர் படக் கூடாது, வால் பகுதியில் மட்டும். இல்லாவிட்டால் கேசட் சாக்கெட்டின் தகடு விரிந்துவிடும்.

ஒலி அளவு பிடிப்பது

47 கிலோ என்பது தொடக்கப் புள்ளி மட்டும். மதிப்பு குறைந்தால் கூடுதல் சிப்பின் ஒலி பெரிதாகும், கூடினால் அடங்கும். வி.ஆர்.சி.6-ஐ அளவுகோலாக வைப்பது வசதி; அசல் ஃபேமிகாமில் அதன் சதுர அலை முழு அளவில், 2ஏ03 சதுர அலையின் முழு அளவோடு ஏறக்குறைய சமமாக ஒலிக்கும். இரண்டையும் மாறிமாறி வாசிக்கும் சோதனை ரோம்கள் (விளையாட்டுக் கோப்புகள்) இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபிளாஷ் கேசட்டில் அதை ஓட்டி, ஆடியோ சாக்கெட்டில் மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வையுங்கள். முதல் ஒலிக்கு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது ஒலிக்கும் அதே எண் வரும்வரை டிரிம் பாட்டைத் திருப்புங்கள். ஃபிளாஷ் கேசட்டின் மெனுவில் கூடுதல் ஒலிக்குத் தனி அளவு இருந்தால், அதை நடுநிலையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

காதால் பிடிப்பதாக இருந்தால் அகுமாஜோ டென்செட்சுவின் முதல் கட்டமே போதும். ரம்பப்பல் அலை பாஸை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் சாட்டை அடிக்கும் ஓசையும் டிரம் சாம்பிளும் அதற்கு அடியில் மூழ்கக் கூடாது. மூழ்கினால் டிரிம் பாட்டின் மதிப்பைக் கூட்டுங்கள்.

ஒரே அளவு எல்லாச் சிப்புக்கும் பொருந்தாது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். சன்சாஃப்ட் 5பி, 1992-இல் வந்த கிம்மிக் கேசட்டில் இருப்பது, உரத்த சிப். நாம்கோ 163 கேசட்டுகளில் கலவை அளவு விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும். 1991-இன் லாக்ராஞ்ச் பாயிண்ட்டில் உள்ள வி.ஆர்.சி.7, ஆறு தட எஃப்.எம். ஒலி தருவது, தன்மையே வேறு. வி.ஆர்.சி.6-க்குப் பிடித்த இடத்தில் டிரிம் பாட்டின் மதிப்பை அளந்து குறித்துவைத்துவிட்டால், மற்ற கேசட்டுக்குத் திருப்பினாலும் திரும்பி வர இடம் இருக்கும்.

எது தவறும், ஏன்

விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறது, கூடுதல் ஒலி மட்டும் வந்து வந்து போகிறது: கிட்டத்தட்ட எப்போதும் 72 முனைச் சாக்கெட்டின் அழுக்குதான். மற்ற முனைகள் அழுக்கானால் படம் கலையும், விளக்கு சிமிட்டும், உடனே தெரியும். எக்ஸ்பி 6 அழுக்கானால் ஒலி போவதைத் தவிர வேறு அடையாளமே இல்லை. முப்பது நாற்பது ஆண்டு யாரும் பயன்படுத்தாத முனை அது. ஆல்கஹால் நனைத்த துணியைக் கெட்டி அட்டையில் சுற்றி உள்ளே விட்டுத் துடையுங்கள், கேசட்டின் அந்த முனையையும் சேர்த்து. சால்டரை மறுபடி தொடும் முன் இதைச் செய்யுங்கள்.

கூடுதல் ஒலி வரவே இல்லை: சோதனைக்குப் போட்ட விளையாட்டில் உண்மையில் ஒலிச் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கப் பதிப்பு ரோமைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடுவது வழக்கமாக நடக்கிறது.

மெல்லிய, கூர்மையான கீச்சொலி, நாம்கோ 163 கேசட்டில் மட்டும்: உங்கள் சால்டரில் குறை இல்லை. அந்தச் சிப் தன் தடங்களை ஒரே நேரத்தில் வாசிப்பதில்லை, முறை வைத்து ஒவ்வொன்றாக வாசிக்கிறது. ஒரு தடத்துக்கு 15 கடிகாரத் துடிப்பு. 17.9 லட்சம் ஹெர்ட்ஸ் கடிகாரத்தில் எட்டுத் தடமும் ஓடினால் ஒரு முழுச் சுற்று விநாடிக்குச் சுமார் 14,900 முறை வருகிறது, அது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. ஆறு தடம் என்றால் 19,900-ஐ நெருங்கும், பலருக்குக் கேட்காது.

சத்தமான இடங்களில் கரகரப்பு: இன்வெர்ட்டர் தன் எல்லையை முட்டுகிறது. மொத்த மதிப்பை 60, 70 கிலோவுக்கு ஏற்றிப் பாருங்கள். கூடுதல் ஒலியை இயக்கியதும் கன்சோலின் சொந்த ஒலி குன்றுகிறது என்றாலும் இதே மருந்துதான்.

சாதாரண கேசட் போட்டால் பின்னணியில் சலசலப்பு: எக்ஸ்பி 6 எங்கும் இணையாமல் மிதந்து அக்கம்பக்கத்து டிஜிட்டல் இரைச்சலை வாங்குகிறது. ஸ்விட்ச் வைத்தது இதற்காகத்தான். அதைக் கலவை உள்ளீட்டுக்கு அருகில் வைப்பதைவிட 9-ஆம் முனைக்கு ஒட்டி வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு: ஆஃப் செய்த பிறகும் நீளமான கம்பி 3-ஆம் முனையில் தொங்கும். கம்பி குறுகியதாக இருந்தால் கேட்காது. ஸ்விட்ச்சைப் பெட்டியின் பின்புறம் கொண்டுபோவதாக இருந்தால், டிரிம் பாட்டையும் 10 கிலோவையும் போர்ட்டுக்கு அருகிலேயே நிறுத்துங்கள்.

எல்லாக் கேசட்டிலும், ஸ்விட்ச் ஆஃபிலும் ஆழமான ஹம்: இந்த மாற்றத்தோடு தொடர்பில்லாதது. ஆர்.எஃப். பெட்டிக்குள் இருக்கும் 2200 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது. 105 டிகிரி தரத்தில் புதியது போடுங்கள். துருவம் மாறக் கூடாது. பெட்டியைத் திறந்திருக்கும்போதே இதையும் முடித்துவிட்டால் இரண்டாம் முறை திறக்க வேண்டாம்.

ஸ்டீரியோ பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2ஏ03-இன் 1-ஆம் காலில் சதுர அலைகளும், 2-ஆம் காலில் முக்கோணம், இரைச்சல், சாம்பிளும் தனித்தனியாக வருவதால் இரண்டு காதுக்குப் பிரிக்க முடியும்தான். ஆனால் மெட்டு முழுக்க ஒரு காதிலும் பாஸும் டிரம்மும் மறு காதிலும் விழும். இசையமைத்தவர்கள் அப்படி எண்ணி எழுதவில்லை. கூடுதல் சிப்பையும் சேர்த்துக் கேட்க விரும்புபவருக்கு மோனோவே பொருத்தம்.

பூட்டும்போது வெரோபோர்டு துண்டை இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் வெப்பம் படாத இடத்தில் ஒட்டுங்கள். 7805 ரெகுலேட்டரின் ஹீட் சிங்க் பக்கம் வேண்டாம், பசை இளகிவிடும். உலோக மறைப்பு மேலே வந்து உட்காரும் என்பதால், துண்டைச் சுற்றி காப்டன் நாடா (வெப்பம் தாங்கும் காப்பு நாடா) ஒரு சுற்று. மறைப்பைப் பூட்டிய பிறகு, வெளி மூடியைப் பூட்டும் முன், வி.ஆர்.சி.6 சோதனையை இன்னொரு முறை ஓட்டி மில்லிவோல்ட் எண் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். எண் மாறியிருந்தால் கம்பி எங்கோ மறைப்பில் நசுங்குகிறது.